காய்ச்சல் வராத ஊசி

19-6-1978, திங்கள்

வருடாவருடம் வருகிற உத்தரவு வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்குப் பரமத்தி வேலூர் ஆற்றங்கரையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி ஊழியர் அத்தனை பேரும் காலரா ஊசி இரண்டு தவணை போட்டு முடித்திருக்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு பேர். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற கூட்டத்துக்குத் தனக்கு ஊசி என்றால் மட்டும் ஆகாது. காலையில் நோட்டீஸ் ஒட்டினேன். பத்து மணிக்குள் ஆளுக்கொரு காரணத்தோடு வந்துவிட்டார்கள். வார்டு ஆள் சடையனுக்கு இது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி என்று சந்தேகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எமர்ஜென்சியில் ஆள் பிடித்து வந்தபோது கூட நின்று பார்த்தவன் அவன், அதனால் அவனோடு வாதாட முடியவில்லை. ஆயா கந்தம்மாளுக்குக் கைக்குழந்தை, பால் கெட்டுப்போகும் என்கிறாள். கம்பவுண்டர் படித்தவர், அவருக்கு நெஞ்சு படபடக்கிறதாம். மற்றவர்களுக்கு உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். ஊசி போட்டால் கை வீங்கும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், அந்தக் காய்ச்சலுக்கு லீவு கிடையாது. தினக்கூலி ஆயாக்களுக்குக் கூலியும் கிடையாது.

போடுகிற பொறுப்பு ஆறு வருஷமாக என்னுடையது. ரிஜிஸ்டரில் முதல் பெயரும் என்னுடையதுதான்: வசந்தாமணி, ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வருஷம்கூட நான் போட்டுக்கொண்டதில்லை. எனக்கு யார் போடுவது?

21-6, புதன்

முதல் தவணை முடிந்தது. பெரிய டாக்டர் சரவணமுத்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ஒருவரும் தப்பக் கூடாதென்று. உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் நோட்டுக்குமா பயப்படுவது?

திரைக்குப் பின்னால் என்னிடம் இரண்டு தட்டு. ஒன்றில் காலரா மருந்து ஏற்றிய ஊசிகள், மருந்து கலங்கலாக இருக்கும். இன்னொன்றில் வெறும் டிஸ்டில்டு வாட்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கந்தம்மாள், மூத்த பிள்ளைக்குப் பால் கொடுத்த சமயம், காலில் விழாத குறையாக அழுதாள். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தண்ணீர் போட்டேன். அவள் ஒருத்தியிடம் சொல்ல, அந்த ஒருத்தி இன்னொருத்தரிடம் சொல்ல, இந்த வருஷம் எட்டு பேர் ஆகிவிட்டார்கள். வரிசையில் வரும்போதே கண்ணால் பேசிவிடுவார்கள். நான் தண்ணீரைப் போட்டுப் பெயருக்கு நேரே டிக் அடிப்பேன். மருந்து மிஞ்சினால் கேள்வி வரும் என்று அவர்கள் பங்கைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். வசந்தாமணி சிஸ்டர் கை பட்டால் வலியே தெரியாது என்று எனக்குப் பெயர். பெயர் வராமல் என்ன செய்யும்!

இன்று ஒன்பதாவதாக ஒருத்தி. சின்னாயி, ஆறு வருஷமாகத் தினக்கூலி ஆயா. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் விஷயமே அவளுக்குத் தெரியாது. போன வருஷம் ஊசி போட்டு மூன்று நாள் படுத்துவிட்டாள், மூன்று நாள் கூலி போயிற்று. இன்று கையை நீட்டிக்கொண்டு, "காச்சல் வருமுங்களா சிஸ்டர்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். என் கை இரண்டாவது தட்டுக்குப் போய்விட்டது. வராது போ என்றேன்.

நல்லதுதானே செய்தேன்.

28-6, புதன்

இரண்டாம் தவணை. அதே ஒன்பது பேர். சின்னாயி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். போன தடவை காய்ச்சலே வரவில்லையாம், அவள் தெரு முழுக்க என் கைராசியைச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

9-7, ஞாயிறு

என் வீட்டுக்காரர் லாரியோடு கல்கத்தா போய் இருபது நாள் ஆகிறது. ஒரு கார்டு இல்லை. வெயில் கொளுத்துகிறது.

17-7, திங்கள்

ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலரா ஊசி. சின்னாயியின் பையனும் பெண்ணும் அதில் உண்டு. இங்கே ஒரே தட்டுதான், பிள்ளைகள் விஷயத்தில் நான் விளையாடமாட்டேன். பெண் அழாமல் போட்டுக்கொண்டது. பையன் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான்.

4-8, வெள்ளி

நேற்று ஆடிப் பதினெட்டு. இன்று மத்தியானம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கண் உள்ளே போய்விட்டது. பேதி கஞ்சித் தண்ணீராக ஓடுகிறது. டாக்டர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாலைக்குள் அந்த ஆளின் மனைவியும் அதே பேதியோடு வந்துவிட்டாள்.

6-8, ஞாயிறு

பதினான்கு பேர். பின்பக்கத் தகரக் கொட்டகையைக் கழுவிக் காலரா ஷெட் ஆக்கியாயிற்று.

டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டார். மேஜைமேல் என் ரிஜிஸ்டர். "ஊசி போட்டவங்கதான் ஷெட்டுக்குள்ள போகணும். இதுப்படி எல்லாருமே போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன பயம்?" என்றார். எட்டு பேர் தரையைப் பார்த்தார்கள். சடையனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கந்தம்மாளுக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. கம்பவுண்டர் மருந்தறையை விட்டு நகர முடியாதாம். ஒருவரும் முன்வராததைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு வார்த்தை சேர்த்தார்: ஷெட்டில் கடைசிவரை நிற்கிற தினக்கூலி ஆளை நிரந்தரமாக்கச் சொல்லிச் சேலம் மாவட்ட ஆபீசுக்கு எழுதுவேன்.

சின்னாயி கையைத் தூக்கினாள். "நான் போறேனுங்க டாக்டர். எனக்குத்தான் ஊசி போட்டிருக்குதே."

தெரிந்த எட்டு பேரும் வெளியே. தெரியாத ஒருத்தி உள்ளே. பேனா ஓடமாட்டேன் என்கிறது.

7-8, திங்கள்

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒரு பாட்டில்கூட இல்லை. எல்லாம் கிராமங்களுக்குப் போய்விட்டது. தொட்டியில் எத்தனை சி.சி. ஊற்றியிருப்பேன் இந்த மூன்று வருஷத்தில்?

சின்னாயியைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு ரெண்டு பிள்ளைகள், ஷெட்டு உனக்கு வேண்டாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க சிஸ்டர், உங்க சனத்துல யாருக்காச்சும் அந்தப் போஸ்ட்டு பேசி வச்சிருக்கீங்களா? எங்களுக்கு வந்தா மட்டும் ஆவாதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா என்மேலா என்று தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

9-8, புதன்

சுகாதார ஆய்வாளரிடம் கெஞ்சி ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். இனிமேல் போட்டாலும் வேலை செய்ய ஒரு வாரமாவது ஆகும். ஆனாலும் போடாமல் இருக்க முடியுமா?

ஷெட் வாசலில் நின்று சின்னாயியைக் கூப்பிட்டேன். இன்னொரு ஊசி, கூடுதல் பாதுகாப்புக்கு என்றேன். முடியவே முடியாது என்றுவிட்டாள். இரண்டு தவணை ஆகிவிட்டது, மூன்றாவதாகப் போட்டுக் காய்ச்சல் அடித்தால் ஷெட்டிலிருந்து மாற்றிவிடுவார்கள், கடைசிவரை நிற்கவில்லை என்று போஸ்ட் போய்விடும். அவள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவளை மாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அது என் வாயில் இருக்கிறது.

வரவில்லை. நாளை சொல்லிவிடுவேன்.

10-8, வியாழன்

சொல்லவில்லை.

11-8, வெள்ளி

சடையன் ஊசி அறைக்கு வந்து கதவோரம் நின்றான். நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க சிஸ்டர், எட்டுக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும் என்றான். ஒன்பது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சின்னாயிக்கும் தண்ணீர்தான் என்று சொன்னேன். சுவரில் சாய்ந்துவிட்டான். அப்படியானால் வெளியே சொல்லவே கூடாதுங்க என்றான்.

12-8, சனி

டாக்டர் அறைக்குச் சொல்லத்தான் போனேன். சின்னாயியை நிரந்தரமாக்கச் சொல்லும் கடிதத்தில் அப்போதுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினார். "முறைப்படி தடுப்பூசி செலுத்தப்பட்டவர்" என்று ஒரு வரி. நன்றாக இருக்கிறது சார் என்றேன்.

நன்றாக இருக்கிறது சார். அதைச் சொன்ன வாயை என்ன செய்ய.

13-8, ஞாயிறு

விடியற்காலையில் சின்னாயிக்கு ஆரம்பித்துவிட்டது. வாளி கொண்டுபோனவள் வாளியோடு உட்கார்ந்துவிட்டாளாம்.

14-8, திங்கள்

பதினோரு பாட்டில் சலைன் ஏற்றியாயிற்று. நரம்பு கிடைக்கவில்லை. காலில் வெட்டி ஏற்றினார் டாக்டர். நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

மத்தியானம் கொஞ்சம் தெளிந்தாள். ஊசி போட்டும் வந்துவிட்டதே, என் உடம்பிலேதான் ஏதோ கோளாறு என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். உனக்கு மருந்து போடலடி, தண்ணி போட்டேன், கூலி போயிருமேன்னுதான் போட்டேன்—எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் திட்டவில்லை. அழவில்லை. இதைத்தான் கேட்டாள்: "எம் புள்ளைங்களுக்கும் நீங்கதான போட்டீங்க?"

அதுங்களுக்கு நிஜ மருந்துதான், சாமி சத்தியமாக என்றேன்.

"அத எப்புடீங்க நம்பறது?"



15-8, செவ்வாய்

காலை ஐந்து நாற்பதுக்குச் சின்னாயி போய்விட்டாள். எட்டு மணிக்குக் கொடியேற்றினார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவள் புருஷன் வீரன் ஷெட் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் போக எனக்குக் கால் வரவில்லை.

18-8, வெள்ளி

ஊர் முழுக்க இப்போது ஒரே பேச்சு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டவளே ஆஸ்பத்திரியிலேயே செத்தாள், நமக்கெதற்கு ஊசி? ஆற்றோரக் கிராமங்களில் ஊசி போட வருகிற ஜீப்பைக் கண்டதும் காட்டுக்குள் ஓடுகிறார்களாம். சின்னாயியின் தெருவில் நூறு பேருக்குமேல் இன்னும் ஊசி போடாதவர்கள், நேற்று ஒருவர்கூடக் கையைக் காட்டவில்லை. டாக்டர் சேலத்துக்கு ரிப்போர்ட் எழுதுகிறார்: இரண்டு தவணையும் போட்ட ஊழியர் இறந்ததால் இந்த மருந்து வீரியமற்றது எனத் தெரிகிறது, விநியோகத்தை நிறுத்த வேண்டும்.

மருந்தில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம். நான் வாயைத் திறக்காவிட்டால் தாலுகா பூராவும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். சின்னாயியோடு முடியாது இது.

20-8, ஞாயிறு

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. நிஜ மருந்தே போட்டிருந்தாலும் பாதிப் பேருக்குத்தான் அது கேட்கும், அவள் எப்படியும் போயிருக்கலாம் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட் அப்படியே போகட்டும். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நான்தாம்மா," என்றார்.

பாதிப் பேர். அந்தப் பாதியில் அவள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும் வழியையும் நானே தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

21-8, திங்கள்

சேலத்து மாவட்ட அதிகாரிக்கு என் கைப்பட எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். மற்ற எட்டு பேர் பெயரை எழுதவில்லை. ஒன்பது பேருக்கு இரண்டு தவணையும் தண்ணீர், போட்டது நான் என்று மட்டும் எழுதினேன். தபாலாபீஸில் ரசீது வாங்கும்போது பயமாக இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. வேலை போனால் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வேன்?

23-8, புதன்

மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு சின்னாயியின் தெருவுக்குப் போனேன். ஆறு வருஷமாக அவள் எங்கள் வார்டில் கூட்டினாள், நான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. குழாயடியில் நின்று சத்தமாகவே சொன்னேன்: செத்தவளுக்குப் போட்டது மருந்து அல்ல, தண்ணீர். போட்டது நான். இது நிஜ மருந்து. போட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். வீரன் எழுந்து வந்தான். பிள்ளைகள் இரண்டும் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவன் குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கும் மருந்துன்னுதான சொல்லிப் போட்டீங்க," என்றான்.

வீரனின் அக்கா ராசம்மாள் முன்னால் வந்தாள். நீளமான, எலும்பு தெரிகிற கை. அந்த அம்மாள்தான் வழி சொன்னாள். நிஜ மருந்து என்றால் காய்ச்சல் வரும், தண்ணீர் என்றால் வராது, சின்னாயிக்கு அப்படித்தானே ஆயிற்று? அதனால் முதலில் இந்தப் பாட்டிலிலிருந்து நான் போட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்குக் காய்ச்சல் அடித்தால் தெரு முழுக்கக் கை நீட்டும்.

சிலருக்குக் காய்ச்சல் வராமலும் இருக்கும் என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. ராசம்மாள் சிரித்துவிட்டாள்.

எல்லார் முன்னாலும் இடது கையில் நானே குத்திக்கொண்டேன். அத்தனை வருஷம் டிக் அடித்ததில் இதுதான் முதல் ஊசி.

ராத்திரி ஒன்பது மணிக்கு 98.4. இன்னும் நேரம் இருக்கிறது.

24-8, வியாழன்

காலை ஆறு மணி: 98.4. எட்டு மணி: 98.6. பத்து மணி: 98.4.

கை வலிக்கிறது. லேசாகச் சிவந்திருக்கிறது, வீக்கம் இல்லை. வலிக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வெயிலில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாமா, சுடுதண்ணீரில் தலைக்குக் குளிக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். இன்னொரு பொய்யா? அந்த யோசனை வந்ததற்கே வெட்கமாக இருக்கிறது. உச்சிவேளையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்து, வா வா என்று காய்ச்சலைக் கூப்பிட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு?

நான்கு மணிக்கு ராசம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். உள்ளே வாருங்கள் என்றேன், ராசம்மாள் மட்டும் வந்தாள். புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். மறுபடியும் நெற்றியில் வைத்தாள், எனக்குக் காய்ச்சல் இருந்தால் தேவலை என்று அவளுக்கும் இருந்திருக்கும் போல. பிறகு கையை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

25-8, வெள்ளி

ஜீப் அந்தத் தெருவுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்காமல் திரும்பி வந்தது.

29-8, செவ்வாய்

சேலத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து ரிஜிஸ்டரை எடுத்துப் போனார்கள். மருந்தை நிறுத்தச் சொன்ன ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டார்களாம். அந்த மட்டில் சரி. எனக்கு சஸ்பென்ஷன் பத்து நாளில் வரும் என்றார்கள். அதுவரை எங்கே வேலை என்று டாக்டர் கேட்டார். ஷெட்டில் என்றேன். அவர் மறுக்கவில்லை. கந்தம்மாள் நேற்று என்னிடம் வந்து, நிஜமானதைப் போடுங்கள் என்று கையை நீட்டினாள். போட்டேன். ராத்திரி அவளுக்கு 102. எனக்கு எரிச்சலாக வந்தது.

2-9, சனி

இன்று ஷெட்டில் ஒன்பது பேர். ஆறு பேர் அந்தத் தெரு. பள்ளியில் ஊசி போட்ட பிள்ளைகளில் இதுவரை ஒருவரும் வரவில்லை. சின்னாயியின் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

மூன்று மணிக்கு வீரன் ராசம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கண் செருகிக் கிடந்தது, நாடி பிடிபடவில்லை. சலைன் மாட்டிவிட்டு அவள் கையை எடுத்தேன், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிய மாதிரி சுருங்கியிருந்தது. முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. வீரன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது என்ன என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது குத்தில் ஊசிக்குள் ரத்தம் ஏறியது, நரம்பு கிடைத்துவிட்டது. ராசம்மாள் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.